கோம்பையின் கருப்பு மூஞ்சி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் தவறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்கு மருந்து வாங்க ஆவடி கால்நடை மருத்துவமனையில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு பெண் செவலை நாயைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா.

"டாக்டர் வாயால கோம்பை சாதின்னு சொல்லட்டும். தெரு நாயின்னா என் ஊட்டுல இருக்கக் கூடாது."

"நீயே பாருக்கா. முடி செவலை, மூஞ்சி மட்டும் கருப்பு. கோம்பையேதான்."

ஊசி போட வந்த டாக்டரம்மா நாயின் வாயைப் பிடித்தார். விரலெல்லாம் கருப்பாகிவிட்டது.

"என்னம்மா இது, கண் மையா?"

அந்தப் பெண் முந்தானையால் நாயின் மூஞ்சியைத் துடைத்தாள்.

"மைதான் மேடம். இவன் தெரு நாயிதான். ஆனா வாலப் பாருங்க, இன்னா வளைவு! காத வெடச்சினு நின்னான்னா போறவன் வர்றவன் எல்லாம் திரும்பிப் பாப்பான். இவனுக்காக நான் வேற ஊடு பாத்துக்கறேன்."

"ஊடு பாக்குறாளாம்! எங்க ஊட்டுல கோம்பை கீதுன்னு தெரு முழுக்க சொல்லி வெச்சிருக்கேன். போற வழியில மை வாங்கு, நானே பூசறேன்."

"மை வேணாக்கா. கேட்டா ஆவடி கோம்பை, மூஞ்சியும் செவலைதான்னு சொல்லு."

"ஆவடி கோம்பை" என்று அந்தம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கை நீட்டினார்.

"கயித்த இங்க குடு. நான் புடிச்சினு வரேன்."

கோம்பைக்கு மூஞ்சி கருப்பு என்று அவர்கள் பேசிக்கொண்டது சரிதானா? தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.