எந்தப் பள்ளிக்கூடம்?

காங்கேசன்துறை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் அறுபது தாண்டிய இரண்டு சிநேகிதிகள்.

"பிரான்சிலை மகன் என்ன காட்டினவன்?"

"இடிஞ்ச கட்டடம். ரோமர் கட்டின நாடக அரங்காம். பிறகு சனம் அதுக்குள்ளை வீடு கட்டிப் பரம்பரையாய்ச் சீவிச்சதாம். அரங்கு வேணுமெண்டு அரசாங்கம் அவ்வளவு பேரையும் எழுப்பி, வீடுகளை உடைச்சதாம்."

"பிறகு?"

"சனத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலை விட்டனீங்கள் எண்டு சுத்திக் காட்டின ஆளிட்டைக் கேக்கச் சொன்னன். மகன் கேக்கேல்லை. சிரிச்சான்."

"சின்னப் பெடியன்தானே."

"முப்பத்தைஞ்சு வயசு. நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த பள்ளிக்கூடத்திலை, அவன் பிறக்கேக்கை, நீதானேயடி நான் படுக்க, பிள்ளையள் இருந்து படிக்கிற ரெண்டு வாங்கைச் சேர்த்துப் போட்டுத் தந்தனி."

"ஓம். ஒண்டுக்குக் கால் ஆட்டம்."