வேன் மாமா

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சேலையூரில் மழலையர் பள்ளி நடத்துபவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நேத்து எங்க வேன் டிரைவரை வேலையை விட்டு நிறுத்திட்டேன். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு.”

“குழந்தைங்க வேன் மாமான்னு உயிரை விடுவாங்களே, அவரையா?”

“அவரைத்தான். கண்ணு சரியாத் தெரியல. ரெண்டு மாசமாவே எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் ஓட்டினவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.”

“பாவம் பார்த்திருக்க.”

“அப்படித்தான் நெனச்சிக்கிட்டேன். நேத்து சாயந்திரம் கேம்ப் ரோடு திருப்பத்துல ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில தப்பிச்சாரு. வேன்ல பதினோரு குழந்தைங்க.”

“திட்டினியா?”

“இல்ல. எல்லாரும் போனப்புறம் எதிர்ல உட்கார வெச்சேன். ‘நாளையிலேர்ந்து நீங்க ஓட்ட வேணாம்ண்ணா, கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட வரேன்’னு சொன்னேன்.”

“கோவப்பட்டாரா?”

“கோவமே இல்ல. ‘எனக்கும் தெரியும் மேடம். வாயைத் தொறந்தா வேலை போய்டும்னு பயந்துகினு இருந்தேன். நீங்களாச்சும் சொல்ல மாட்டீங்களான்னு தெனம் பார்த்துகினு இருந்தேன்’னாரு.”

தோழி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “விடு, நல்லபடியா முடிஞ்சுதே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரெண்டு பேருக்குமே தெரியும். தெரிஞ்சேதான் ரெண்டு மாசம் அந்தப் பிள்ளைங்களை வேன்ல ஏத்தியிருக்கோம்.”