தூங்கும்போது வந்த கப்பு

"எங்க தம்பி தூங்கிட்டு இருக்கறப்ப கார் ரேஸ்ல ஜெயிச்சிட்டான்க்கா."

மரக்காணத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். உப்பளத்தில் விடிகாலை வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். காலில் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது.

"அதெப்படிடீ?"

"இருபத்திநாலு மணி நேரம் ஓட்டணுமாம். ஒரே காரை மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. கடைசியில ஜெயிச்சப்ப இவன் படுத்திருந்தானாம். நான் ஓட்டி ஜெயிக்கல, கப்பும் வேணாம், ரேஸும் வேணாம்னு உக்காந்திருக்கான்."

ஜன்னலுக்கு வெளியே உப்பளத் தண்ணீரில் பாத்தி பாத்தியாக வானம் கிடந்தது. மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"நாம வீட்ல படுத்திருக்கறப்பதான் வெயில்ல உப்பு விளையுது. அதுக்காவ மறுநாள் அந்த உப்ப வாராம உட்டுட்டா வர்றோம்?"