விளக்குக் கம்பத்தடியில் கிடைத்த மாப்பிள்ளை

மலேசியாவில் கிள்ளானுக்குப் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். மூத்தவர் அதை வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளை எங்க கெடைச்சாரு?" என்று கேட்டார்.

"எங்க ஃபிளாட்டுக்குக் கீழ, லைட்டுக் கம்பத்துல அக்கா."

"ஏன், அதுல தொங்கிக்கிட்டு இருந்தாரா?"

"இல்லலா. பழைய லைட்டுக் கம்பத்துல மின்சாரக் காருக்கு சார்ஜ் போடுற மாதிரி செஞ்சிட்டாங்கல்ல? நான் எப்பப் போனாலும் இவரு காரு மாட்டியிருக்கும். நான் டாக்சி ஓட்டுறவ, சார்ஜ் இல்லாம எப்படி வேலைக்குப் போறது? ஒருநாள் நல்லா ஏசிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"மறுநாள் நான் வந்ததும் தன் காரைக் கழட்டிட்டு, 'நீங்க முதல்ல போடுங்க'ன்னாரு. சார்ஜ் ஏறுற வரைக்கும் கூடவே நின்னு பேசினாரு. அப்புறம் தினமும் பேச்சுதான். சார்ஜ் நிறைஞ்சாலும் காரை எடுக்க மனசு வராது."

"வீட்டுல எப்படிச் சொன்ன?"

"சொல்லவே இல்ல அக்கா. அம்மா மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. ஒரு சாயங்காலம் ரெண்டு கிளாஸ் தேத்தண்ணியோட கீழ எறங்கி வந்துட்டாங்க."