பதினோரு விநாடிச் சிரிப்பு

சிரிப்புக்கு இடம் விட்டுச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவரே! முன்னால் நின்று முகம் காட்டாமல், மூலையில் அமர்ந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் முழு அரங்கையும் தாங்கியவரே! ஸ்கார்பரோ கார்ன்தோர்ப் அரங்கின் கண்ணும் காதுமாகிய மேவிஸ் ஆக்ராய்ட் அம்மையாரே! தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, அரங்கப் பணியாளர்கள் அனைவரும் கூடி, தங்கள் திருமுன் படித்தளிக்கும் மடல் இது.

இது இரண்டாவது மடல். முதலாவதில் பொறுமையின் பொற்குடம், கடமையின் கலங்கரை விளக்கம் என்றெல்லாம் எழுதியிருந்தோம். எழுதியவள் உடை அறை ஹில்டா. அதைத் தாங்கள் தேநீர் ஆறும் வரை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். "நல்லா எழுதியிருக்க ஹில்டா. யாரைப் பத்தி?" என்றீர்கள். பிறகு, "அன்னிக்கு நடந்ததை எழுது. இல்லன்னா பிரிவுப் பரிசுக் கடிகாரத்தை மட்டும் குடுத்து அனுப்பிடுங்க" என்றீர்கள். அந்த நாளுக்குப் பிந்திய இருபத்தொன்பது ஆண்டுகளில் தாங்கள் தங்களுக்கென்று எங்களிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். ஆகவே எழுதுகிறோம்.

மேடையின் இடப்பக்க மறைவில், ஒரு மர முக்காலியில், மடியில் நாடகப் பிரதியோடு அமர்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு மெல்ல எடுத்துக் கொடுத்தது தங்கள் பணி. குடித்துவிட்டு வந்தவருக்கும் கொடுத்தீர்கள், காதல் தோல்வியில் அழுதுகொண்டு வந்தவளுக்கும் கொடுத்தீர்கள். ஒருவரையும் வெளியில் காட்டிக் கொடுத்ததில்லை.

இந்த ஊர் வேறு எந்த நாடகத்தை மறந்தாலும் 'ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை'யை மறப்பதில்லை. விக்டோரியா ராணி காலத்து நாடகம். சீமாட்டிகளும் சீமான்களும் வாய் கூசாமல் பொய் சொல்லி, அந்தப் பொய்களாலேயே மூன்று கல்யாணங்களைச் செய்து முடிப்பார்கள். நூறு ஆண்டுகளாகியும் அது ஏன் சலிக்கவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் எங்களைக் கேட்பதுண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஞாயிறு மதியம், மாட்டிறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே, அதே பொய்கள்தான் இன்றும் பரிமாறப்படுகின்றன. மேடையில் வேறு யாரோ அகப்பட்டுக்கொள்வதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

இரண்டாம் அங்கத்தில் சீமாட்டி, கிழவர் சர் ஆம்புரோஸைப் பார்த்து, "நாற்பது வருஷத்தில் ஒரு நாளாவது உண்மை பேசியதுண்டா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்லமாட்டார். உட்கார்ந்து யோசிப்பார். யோசிக்க யோசிக்க அரங்கம் சிரிக்கும். கடைசியில், "இல்லை, சீமாட்டி. எனக்கு நல்ல வளர்ப்பு" என்பார். தங்கள் பிரதியில் வேடிக்கையான ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் எண் இருக்கும், சிரிப்பு எத்தனை விநாடி நீளும் என்று. இந்த இடத்துக்கு ஆறு. சிரிப்பு ஓயும் முன்பு வசனம் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத பிழை.

1967 நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, பகல் காட்சி. சர் ஆம்புரோஸாக லியோனல் பிரஸ்ட்விக், கைத்தடியை இரு கைகளாலும் பற்றியபடி நாற்காலியில் அமர்ந்திருந்தார். சீமாட்டி கேட்டாள். அவர் யோசித்தார். தாங்கள் ஆறு வரை எண்ணினீர்கள். சிரிப்பு ஓயவில்லை. அவர் முகம் கொஞ்சமும் அசையாதது மேலும் வேடிக்கையாகிவிட்டது. அவருடைய வசனம் தங்கள் நாக்கு நுனியில் நின்றது. கொடுக்கவில்லை. பதினொன்றில் கைத்தடி நழுவிப் பலகையில் விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். பின்வரிசையில் கைதட்டினார்கள். அப்போதுதான் திரையை இறக்கச் சொன்னீர்கள். ஆனால் அதற்கு முன்பே தங்கள் பழகிய கை, ஆறை அடித்துவிட்டுப் பக்கத்தில் பதினொன்று என்று எழுதியிருந்தது. இந்த அரங்கம் கண்ட மிக நீண்ட சிரிப்பு அது.

முன்பே திரை இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்றதற்கு, மருத்துவர் தெரியாது என்றார். அன்றைய மேலாளர் தங்களிடம், "கண்ணு, இதெல்லாம் வெளியில எதுக்கு? டிக்கெட் வாங்கினவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றார். முகப்பு மண்டபத்தில் ஒரு பித்தளைத் தகடு ஏறியது: 'நாடகம் நிறைவுற்ற பின் அமைதியாக இயற்கை எய்தினார்.' தாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தீர்கள். நாங்களும் அதைத் தினமும் துடைத்தோம். எங்களுக்கும் நல்ல வளர்ப்பு.

அடக்கத்தன்று அவர் மனைவி ஐவி, கல்லறை வாசலில் எல்லார் முன்னிலையிலும் தங்களைக் கேட்டார்: "என் புருஷன் செத்துக்கிட்டிருந்தப்போ நீ எண்ணிக்கிட்டிருந்தியாமே?" தாங்கள், "ஆமாங்க. பதினொண்ணு வரைக்கும்" என்றீர்கள்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஊர் கேட்டுக் கேட்டு நாடகம் மறுபடி மேடையேறியபோது, தாங்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள். "அந்த இடத்துல தடியால ரெண்டு தட்டு தட்டுங்க. எனக்குக் கேட்டா போதும்" என்று புதிய சர் ஆம்புரோஸிடம் சொன்னீர்கள். அவர் தட்டினார். கிழவருக்குப் பொறுமை போய்விட்டது என்று நினைத்து அரங்கம் இன்னும் பலமாகச் சிரித்தது. புதுமையான நடிப்பு என்று பத்திரிகை புகழ்ந்தது. அன்றுமுதல் ஐந்து சர் ஆம்புரோஸ்கள் தட்டியிருக்கிறார்கள். அந்தத் தட்டல் கேட்கும் வரை தாங்கள் பிரதியைப் பார்த்ததில்லை, நாற்காலியைத்தான் பார்த்தீர்கள். அந்த இடத்தில் தாங்கள் சிரித்து நாங்கள் கண்டதில்லை.

அம்மையாரே, அன்று அந்த முக்காலியில் எங்களில் யார் இருந்திருந்தாலும் காத்துத்தான் இருந்திருப்போம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அதை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

இதைப் பொதுவில் படிக்கும் முன் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வியாழனன்று ஹில்டா முதியோர் இல்லத்துக்குப் போய் ஐவி அம்மாளிடம் இதுவரை உள்ளதைப் படித்துக் காட்டினாள். எண்பத்தாறு வயது. கண் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. படித்து முடித்ததும் சொன்னார்: "அன்னிக்கு நான் மூணாவது வரிசையில இருந்தேன். தடி விழுந்தப்போ நானும்தான் சிரிச்சேன். பக்கத்துல இருந்தவங்க தோளைத் தட்டித் தட்டிச் சிரிச்சேன். அந்தக் கோவத்தைத்தான் அந்தப் பொண்ணு தலையில கொட்டிட்டேன். அதையும் எழுது."

எழுதிவிட்டோம். இன்று காலை அந்தப் பித்தளைத் தகட்டைக் கழற்றினோம். சுவரில் நான்கு ஆணித் துளைகள் இருக்கின்றன. சட்டமிட்ட இந்த மடல் அங்கே மாட்டப்படும், அதன் நகல் தங்கள் வீட்டுக்கு வரும். நாளை முதல் அந்த முக்காலியில் அமர்பவருக்கும் தடி இரண்டு முறை தட்டும்.

உடல் நலத்தோடும், இனியேனும் எண்ணாத உறக்கத்தோடும், கடற்கரைக் காற்றில் நெடுநாள் நடந்து தாங்கள் வாழ வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கார்ன்தோர்ப் அரங்கப் பணியாளர்கள்,
ஸ்கார்பரோ, ஜூன் 1996.

உடன் கையொப்பமிடுபவர், ஹில்டா கைபிடித்துக் காட்டிய இடத்தில்:
ஐவி பிரஸ்ட்விக், மூன்றாவது வரிசை.