அந்த மெஷினில் நிற்கிறவள்

யுத்த காலம். கோரிப்பாளையத்தில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். பிறத்தியார் பேச்சில் நான் தலையிடுகிறவள் அல்ல. ஆனால் காதை எங்கே கழற்றி வைப்பது? எனக்கு முன்னால் பஞ்சாலைக்காரி ஒருத்தி. வலது கையில் இரண்டு விரல் இல்லை. கூட வந்த மதினியிடம் சொன்னாள்:

"ஒருத்தி வாயத் தொறந்திருந்தா இந்த ரெண்டு வெரலும் இருந்திருக்கும் மதினி."

"என்னத்தா சொல்ற?"

"நூல் சுத்துற மெஷின்ல பெல்ட்டு நின்ன மாதிரி நிக்கும். கைய வச்சதும் மறுபடி ஓடும். அங்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும். எனக்கு எவளும் சொல்லல."

"ஒன் மேல என்ன கோவம் அவளுகளுக்கு?"

"அவளுக சேக்காளிய வேலைய விட்டு நிப்பாட்டிட்டு அந்த எடத்துல என்னயப் போட்டாக. நானா நிப்பாட்டுனேன்? மூணு மாசமா எவளும் மொகங்குடுத்துப் பேசல."

"வெரலு போனப்பெறகாச்சும் மேஸ்திரி கேக்கலையா?"

"கேட்டாரு. மறுநா எல்லாரையும் கூட்டி வச்சு, ஒத்துமையா இருங்கன்னு அரை மணி நேரம் பேசுனாரு. பெல்ட்ட மாத்தல. என்னயத்தான் கூட்டிப் பெருக்குற வேலைக்கு மாத்துனாரு."

"இப்ப அந்த மெஷின்ல யாரு?"

"ஆனையூர்க்காரி ஒருத்தி. புதுசு."

"பெல்ட்டு சங்கதிய அவகிட்டச் சொல்லிட்டியா?"

வரிசை நகர்ந்தது. அவள் தகர டப்பாவைக் காலால் முன்னே தள்ளினாள்.

"என் எடத்துல வந்து நிக்கிறவகிட்ட எனக்கென்ன பேச்சு?"