மண்வாரிக்கு அடிக்கடி வந்த காய்ச்சல்

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். எழுதிக்கொள்வதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். நான் எங்கேயும் ஓடிப்போகிறவள் இல்லை. புருஷன் போனதிலிருந்து இந்தப் பருத்திக்காட்டையும் கிணற்றையும் ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிறவள். வெங்கடலட்சுமி என்று பல்லடத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வாய்க்கால் வெட்டுகிற உங்கள் கம்பெனியின் மண்வாரி மிஷின் ஏன் அடிக்கடி சூடானது என்றுதானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். முதல் தடவை அது தானாகத்தான் சூடானது. அதில் என் கை இல்லை.

தை மாதம் மிஷின் வந்தது. வேலை முடிந்ததும் எங்கள் களத்தில்தான் நிறுத்துவார்கள். ஓட்டியவன் ஐயாசாமி. அவன் அப்பனும் ஆத்தாளும் எங்கள் காட்டில் களை வெட்டியவர்கள். அவன் மட்டும் கோயமுத்தூர் போய்த் தொழில் பழகி, அத்தனை பெரிய மிஷின் மேல் உட்கார்ந்துகொண்டு ஊருக்குள் வந்தான். ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அது பருத்தி எடுக்கிற சமயம். ஒருநாள் மிஷின் கொதித்துப்போய் நின்றுவிட்டது. கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் பாலகோபால் வந்தார். பார்த்துச் சரிசெய்துவிட்டு, கைகழுவி, எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். என்ன கோளாறு என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“இதுல ஆயிலை அழுத்தி, அந்த அழுத்தத்துலதானுங்க கை நீளுது, மடங்குது. வேலை செஞ்சு காய்ஞ்ச ஆயிலு முன்னால இருக்கற கூலருக்குள்ள ஓடி ஆறோணும். உங்க காட்டுப் பஞ்சு பறந்து போய் அதை அடைச்சுக்கிச்சுங்க அம்மணி. காத்துப் போக வழியில்லை, அப்புறம் எங்கிருந்து ஆறும்?”

உனக்கெதற்கு இதெல்லாம் என்று கேட்காமல், முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். புருஷன் போன பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. கையெழுத்து வாங்கத்தான் வருவார்கள்.

அப்போதுதான் என் மகள் கோமளாவுக்கு இவரைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் ஜனம்தான், கல்யாணம் ஆகாதவர். அவருக்கு முப்பத்தெட்டு, கோமளாவுக்குப் பத்தொன்பது. ஆண்பிள்ளைக்கு வயது ஒரு பொருட்டா? ஆனால் ஒரே ஒருதரம் வந்து போனவரிடம் எப்படிப் பேச்செடுப்பது. நாலு தடவை வந்தால்தான் மனிதர் பழகுவார். அவர் வரவேண்டுமானால் மிஷின் சூடாக வேண்டும். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வாரம் இரண்டு கை பஞ்சை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூலரில் நானே அடைத்தேன். அவர் வந்தார். சுத்தம் செய்துவிட்டு, பஞ்சு மட்டுமில்லை, ஆயில் குறைந்தாலும் இப்படித்தான் காயும் என்றார். இருக்கிற கொஞ்ச ஆயிலே ஓயாமல் ஓட வேண்டியிருக்குமாம், ஆற நேரம் கிடைக்காதாம். நல்ல சேதி. அடுத்த தடவை ஆயிலில் ஒரு குடம் இறக்கினேன். அது ஒன்றும் வீணாகவில்லை, வண்டி அச்சுக்கு ஆயிற்று.

கோமளா அந்த நேரத்தில் பெரும்பாலும் உள்ளேதான் இருப்பாள். கூச்சப்படுவாள் என்று நான் கூப்பிடவில்லை. பரிமாறுகிறதை நானே பரிமாறினேன்.

அப்புறம் அவர் வால்வைப் பற்றிச் சொன்னார். “அழுத்தம் மீறிப்போச்சுன்னா ஆயிலைத் திருப்பி விடறதுக்கு ஒண்ணு வெச்சிருக்குதுங்க. அந்த ஸ்குரூ தளர்ந்துபோச்சுன்னா பாதி ஆயிலு வேலையே செய்யாம தொட்டிக்கு ஓடிப்போயிரும். சும்மா சுத்தற ஆயிலுக்குத்தானுங்க சூடு ஜாஸ்தி.” நான் நன்றாகச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கள் கிணற்று மோட்டாருக்கு ஸ்பேனர் பிடிக்கிறவள் நான்தான். அதனால் அந்த வேலையும் சிரமமாக இல்லை.

அந்தத் தடவைதான் ரப்பர் குழாய் ஒன்று சூடு தாங்காமல் வெடித்து, காய்ந்த ஆயில் ஐயாசாமியின் கையில் கொட்டியது. முழங்கைவரைக்கும் தோல் உரிந்துவிட்டது. நானே தேங்காயெண்ணெய் தடவி, வாழையிலைக் குருத்து வைத்துக் கட்டினேன். “மிஷினைக் கொழந்தையாட்டப் பாத்துக்கறேனுங்கம்மா, எதனால இப்படி ஆச்சுன்னே தெரியலீங்க,” என்று அழுதான். “உடு கண்ணு, எல்லாம் சரியாப் போகும்,” என்றேன். பாவமாகத்தான் இருந்தது.

ஸ்குரூவில் புதுசாக ஸ்பேனர் பட்ட தடம் இருந்ததை பாலகோபால் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். “ஏனுங்க அம்மணி, இதுல யாரு கை வெச்சாங்கன்னு தெரியுங்களா?” என்று கேட்டார். “ஐயாசாமிதானுங்க எந்நேரமும் அது மேல இருக்கறான்,” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பெனியில் அவனை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது எங்கள் காட்டில்தான் களை வெட்டுகிறான். அவனுக்கு மட்டும் மோர் கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன். வாய்க்கால் பக்கம் மிஷின் சத்தம் கேட்டால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவான். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

எந்த மாதம் என்கிறீர்களா? வால்வைத் திருகியது ஆடியில். கோமளா கல்யாணம் வைகாசியில் நடந்தது. மாப்பிள்ளை காரமடைக்காரர், கொழுந்தனார் பார்த்துவைத்த இடம். ஆமாம், ஆடிக்கு முன்னால்தான் வைகாசி வருகிறது. மாதம் எனக்கும் தெரியும். ஒரு தாய்க்கு அந்தப் பழக்கம் சட்டென்று விடுமா? அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐயாசாமிக்குப் பதிலாக வந்தவன் மிஷினை எங்கள் களத்தில் நிறுத்துவதில்லை, கேம்பிலேயே நிறுத்திக்கொள்கிறான். அது இப்போது சூடாவதும் இல்லை. பாலகோபாலுக்கு இந்தப் பக்கம் வேலையும் இல்லை. வீடு பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. ஆனால் உங்களுக்கு ஆள்விட்டது அதற்காக இல்லை. ஐயாசாமிக்காக. அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவனைத் திரும்ப மிஷினில் ஏற்றுங்கள். நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. களத்தை விட்டு மிஷின் கிளம்புவதற்கு முன்னால் அதில் இன்னோர் இடத்திலும் நான் கைவைத்தேன். இன்னும் அது தெரியவரவில்லை, ஒருநாள் வரும். எந்த இடம் என்று வாயால் சொன்னால் உங்களுக்கு விளங்காது. வேறு மெக்கானிக் வந்தாலும் பிரயோசனமில்லை. பாலகோபாலே வரட்டும், அவருக்கு மட்டும் காட்டுகிறேன். என்றைக்கு வருகிறார் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அவருக்குச் சந்தவை என்றால் பிடிக்கும், அரிசி ஊறப்போட வேண்டும்.